எந்தத் துளையில் மாட்டுவது?

கார் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஆயில் பிரஷர் என்றால் ஒரு சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பினால் எரியும், என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணையும். பழைய எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு படம், மூக்கு நுனியில் ஒரு சொட்டு. ஓடும்போது அது எரிந்தால் உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைக்க வேண்டும். ஆனால் 'அடுத்த பங்க் வரைக்கும் மெதுவாப் போயிரலாம்' என்று ஓட்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போனவர்களின் கிராங்குகள் எங்கள் ஊர் லேத் பட்டறைகளுக்குப் பாதிச் சோறு போடுகின்றன.

அந்த விளக்கு எப்போது எரியும்? பெரும்பாலான கார்களில் பிரஷர் 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே இறங்கினால்தான். பார் என்பது ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. டயருக்குக் காற்றடிக்கும் கடையில் சொல்கிற 30 பவுண்டு, சுமார் 2 பார். நெடுஞ்சாலையில் 3,000 சுற்றில் ஓடும் என்ஜினுக்கு 3 பார் அளவில் ஆயில் பிரஷர் வேண்டும். அது சரிந்து சரிந்து 1 பாருக்கு வந்துவிட்டாலும் விளக்கு வாயைத் திறக்காது. அது வாயைத் திறக்கும்போது பேரிங் பேசத் தொடங்கியிருக்கும்.

அதனால்தான் வண்டி மேல் பிரியம் உள்ள சிலர் ஊசி வைத்த கேஜ் ஒன்றைத் தனியாக மாட்டச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். கோயம்புத்தூரில் மீட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஸ்பீடாமீட்டர், டெம்பரேச்சர் கேஜ், பெட்ரோல் ஃப்ளோட், எல்லாம் பார்ப்பேன். அதற்கு முன்னால் ஒரு நூற்பாலையில் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டர். கேஜ் வாங்கி வருகிறவர்கள் டயலைப் பற்றித்தான் பேசுவார்கள்: கறுப்பு முகமா வெள்ளை முகமா, ராத்திரி எந்த நிறத்தில் ஒளிரும், டேஷ்போர்டில் எந்த மூலையில் உட்கார வைக்கலாம். டயல் எங்கே இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். என்ஜினில் சென்சார் எந்தத் துளையில் உட்காரப் போகிறது என்பதுதான் என் கவலை.

இப்படித்தான் வால்பாறைப் பக்கம் எஸ்டேட் வைத்திருக்கும் ஒருவர் தன் மாருதி ஜிப்ஸியைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1,298 சிசி என்ஜின் உள்ள ஜிப்ஸி கிங். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் வண்டி. கையில் ஒரு டப்பா: அதில் கேஜ், சென்சார், T வடிவத்தில் பித்தளை டீ ஒன்று, கொஞ்சம் வயர்.

"ஏனுங்க, அந்தச் செவப்பு லைட்டு சுவிட்சைக் கழட்டிட்டு அந்த எடத்துலயே இதைத் திருகிட்டாப் போதுமுங்களா?"

"திருகலாமுங்க. ஊசியும் ஏதோ காட்டும். அது எதைக் காட்டுதுன்னு மொதல்ல பாத்துக்கலாமுங்க."

அவருக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஆயில் பம்ப் பிரஷரை உண்டாக்குகிறது என்று நினைக்கிறோம். பம்ப் செய்வது ஆயிலைத் தள்ளுவது மட்டும். அது போகிற வழி குறுகலாக இருப்பதால்தான் பிரஷர் எழுகிறது. கிராங்குக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் சந்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு முதல் ஐந்து பங்கு, தலைமுடியைவிட மெல்லியது. அந்தச் சந்துகள் வழியாக ஆயில் ஓயாமல் கசிந்து, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குத் திரும்புகிறது. தேய்மானத்தால் சந்து இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். கணக்கு அப்படி: இரண்டை மூன்று தடவை வைத்துப் பெருக்க வேண்டும். ஆயிலும் சூடேறினால் நீர்த்துவிடும். 20W-50 ஆயில் 40 டிகிரியில் இருந்ததைவிட 100 டிகிரியில் எட்டு ஒன்பது மடங்கு நீர்த்திருக்கும். தேய்ந்த என்ஜின், சூடான ஆயில், மெதுவான சுற்று மூன்றும் சேர்ந்தால் ஊசி படுத்துக்கொள்வது இதனால்தான்.

காலையில் வண்டியை எடுத்ததும் ஊசி எகிறி நிற்பதைப் பார்த்துப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. கெட்டியான ஆயிலை அந்தச் சந்துகள் விழுங்க முடியாமல் திணறுகின்றன, அவ்வளவுதான். பிரஷர் அளவு மீறிப் போகாமல் இருக்க ரிலீஃப் வால்வு ஒன்று இருக்கும். ஜிப்ஸியின் சுசூகி என்ஜினில் அது பம்ப்பிலேயே இருக்கிறது, சுமார் 3 பாரில் திறக்கத் தொடங்கும். குளிர்ந்த என்ஜினில் ஊசி சொல்வது பெரும்பாலும் அந்த வால்வின் ஸ்பிரிங்கைப் பற்றி. பேரிங்கைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இன்னொரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். கிராங்கைத் தாங்கி நிற்பது பம்ப் அனுப்பும் இந்த 3 பார் அல்ல. சுழலும் தண்டு தன் வேகத்தில் ஆயிலை இழுத்துக் கொண்டுபோய் ஆப்பு மாதிரி குறுகும் இடத்தில் திணிக்கிறது. அங்கே எழும் பிரஷர் நூற்றுக்கணக்கான பார். பம்ப்பின் வேலை, கசிந்து போகிற ஆயிலுக்குப் பதில் ஆயில் கொடுத்துக்கொண்டே இருப்பது. இதைக் கண்டுபிடித்த கதையில் ஒரு துளையும் ஒரு கேஜும்தான் கதாநாயகர்கள்.

பீச்சம் டவர் என்ற இங்கிலாந்து எஞ்சினியர் அந்நாட்டு மெக்கானிக்கல் எஞ்சினியர்கள் சங்கத்துக்காக, ரயில் அச்சுகளில் இருப்பது போன்ற ஒரு பேரிங்கை வைத்துச் சோதனை செய்தார். சோதனை முடிவுகள் 1883-ல் வெளியாயின. தண்டின் அடிப்பக்கம் எண்ணெயில் முங்கியிருக்கும், மேலே பாதி வளையமாக பேரிங் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை போட்டார். ஓடவிட்டதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், பிதுங்கி வெளியே வந்தது. மரக்கட்டை அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. பிறகு அதே துளையில் 200 பவுண்டு வரை காட்டும் கேஜ் ஒன்றை மாட்டினார். ஊசி 200-ஐத் தாண்டிப் போய்விட்டது. பேரிங் மேல் அவர் ஏற்றியிருந்த பாரமோ, பரப்பில் பிரித்துப் பார்த்தால் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

டவர் அத்தோடு விடவில்லை. அடுத்த அறிக்கைக்காக பேரிங்கில் வெவ்வேறு இடங்களில் துளை போட்டு ஒவ்வொன்றிலும் அளந்தார். உச்சியில் ஓர் எண், ஓரத்தில் வேறு எண், நுழைவாயில் பக்கம் வேறு எண். பேரிங் ஒன்றுதான், எண்ணெயும் வேகமும் ஒன்றுதான். 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அந்த எண்களுக்குக் கணக்கு எழுதினார். எண்ணெய்ப் படலத்தில் சுழலும் இது போன்ற பேரிங்குகளை இன்றும் வடிவமைப்பது அந்தக் கணக்கை வைத்துத்தான். எனக்குப் பிடித்தது அந்த ரெண்டாவது அறிக்கை. 'பேரிங்கின் பிரஷர் எவ்வளவு' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது, 'எந்தத் துளையில்' என்று சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

ஜிப்ஸிக்கு வருவோம். இந்த என்ஜினில் ஆயில் போகும் வழி எளிமையானது. சம்ப்பிலிருந்து ஸ்ட்ரெய்னர் வழியாக உறிஞ்சி எடுக்கிறது பம்ப். அது கிராங்கின் முன் முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது. பம்ப்பிலிருந்து ஃபில்டர். ஃபில்டரிலிருந்து பிளாக்குக்குள் நீளவாட்டில் ஓடும் பெரிய வழி. மெக்கானிக்குகள் கேலரி என்பார்கள். அதிலிருந்து ஐந்து மெயின் பேரிங்குகளுக்குக் கிளை, அங்கிருந்து கிராங்குக்குள் துளைத்த வழிகளில் கனெக்டிங் ராடின் பிக்-எண்டுகளுக்கு. இன்னொரு கிளை மேலே ஹெட்டுக்கு ஏறி கேம்ஷாஃப்டையும் ராக்கர்களையும் நனைத்துவிட்டு வழிந்து இறங்கும்.

இதில் ஃபில்டருக்கு முன்னால் சென்சாரை வைத்தால் என்ன ஆகும்? பம்ப் நன்றாகத் தள்ளுகிறது என்று தெரியும். ஃபில்டர் அடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் என்ஜின் வறண்டாலும் ஊசி நிமிர்ந்தே நிற்கும். சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் நிமிரும். ஃபில்டரில் பைபாஸ் வால்வு இருக்கும், இரு பக்கத்துக்கும் வித்தியாசம் 1 பார் அளவுக்கு வந்தால் திறந்து அழுக்கு ஆயிலையாவது அனுப்பும். அதாவது ஒரு பார் வரைக்கும் ஊசிக்கும் பேரிங்குக்கும் நடுவே யாருக்கும் தெரியாமல் காணாமல் போகலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்காத சூடான ஸ்லோவில் என்ஜினிடம் இருப்பதே ஒரு பார்தான்.

பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலில் பாசனம் செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மடை திறந்த இடத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போகிறது என்று அதிகாரி சொன்னால் வெள்ளகோவில் கடைமடைக்காரர் சிரிப்பார். தண்ணீர் வந்ததா என்று அவர் வயலில் போய்ப் பார்க்க வேண்டும். என்ஜினிலும் பம்ப்பிலிருந்து ஃபில்டரைத் தாண்டி எவ்வளவு தள்ளிப் போய் அளக்கிறோமோ அவ்வளவுக்கு அந்த எண் பேரிங்குக்கு நெருக்கம்.

அப்படியானால் ஹெட்டில் போய் மாட்டிவிடலாமே, அதுதானே கடைசி என்று எஸ்டேட்காரர் கேட்டார். நல்ல கேள்வி. பல என்ஜின்களில் ஹெட்டுக்கு ஏறும் வழியில் வேண்டுமென்றே ஒரு சின்னத் துளையாகக் குறுக்கியிருப்பார்கள், மேலே அளவோடு போகட்டும் என்று. அதற்கப்பால் அளந்தால் எண் எப்போதும் குறைவாகவே இருக்கும். கேம்ஷாஃப்டைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம், பிக்-எண்டைப் பற்றித் தெரியாது. காரில் முதலில் போவது பெரும்பாலும் பிக்-எண்ட்.

இந்தத் தர்மசங்கடத்தை ஃபோக்ஸ்வாகன்காரர்கள் 1980-களின் கோல்ஃப் கார்களில் தீர்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்றுக்கு இரண்டாக சுவிட்ச் வைத்தார்கள். சிலிண்டர் ஹெட்டில் 0.3 பார் சுவிட்ச், ஃபில்டர் மாட்டும் பிராக்கெட்டில் 1.8 பார் சுவிட்ச். ஸ்லோவில் ஓடும்போது மேலே உள்ளது காவல்: ஆயில் கடைசி வரை எட்டுகிறதா என்று பார்க்கும். 2,000 சுற்றைத் தாண்டியதும் கீழே உள்ளது காவலுக்கு வரும்: இந்த வேகத்துக்கு 1.8 பாராவது இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் பஸ்ஸர் அலறும். இரண்டு இடம், இரண்டு கேள்வி. கேஜே இல்லாமல் கேஜின் வேலையில் முக்கால்வாசியைச் செய்துவிட்டார்கள்.

இடம் சரியாக இருந்தும் கெட்டுப்போவதற்கு உதாரணம் அமெரிக்காவில் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் V8 என்ஜின்களில், பாதி சிலிண்டர்களை ஓய்வெடுக்க வைக்கும் ஏற்பாடு வந்த பிறகு, சென்சாருக்கு அடியில் சல்லடை மாதிரி குட்டி வலை ஒன்று இருக்கும். சென்சார் என்ஜினின் பின்பக்கம், இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்த வலை அழுக்கில் அடைத்துக்கொண்டால் என்ஜினுக்குள் பிரஷர் நன்றாக இருக்க, கேஜ் மட்டும் கீழே போகும். கை நுழையாத இடம் என்பதால் சாதாரண ஸ்பேனர் போதாது. ரிப்பேருக்குக் கை எட்டுமா என்பதையும் இடம் தேர்வு செய்யும்போதே யோசிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் ஜிப்ஸியில் எனக்குத் தோதான இடம், கம்பெனி சிவப்பு விளக்கு சுவிட்ச் வைத்திருக்கும் இடம்தான். கம்பெனிக்காரன் பெரும்பாலும் ஃபில்டருக்கு அப்பாலுள்ள கேலரியில்தான் வைப்பான். ஆனாலும் எந்த வண்டியாக இருந்தாலும் நான் சோதித்துவிடுவேன். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, சுவிட்ச் துளையில் லேசாகக் காற்று விட வேண்டும். திருகி மாட்டும் ஃபில்டரில் அழுக்கு ஆயில் ஓரத்துத் துளைகள் வழியாக உள்ளே போய், நடுக்குழாய் வழியாகச் சுத்தமாகத் திரும்பும். விட்ட காற்று நடுக்குழாயில் வந்தால் அந்தத் துளை ஃபில்டருக்கு அப்பால். ஓரத்து வளையத்தில் வந்தால் இப்பால். ஐந்து நிமிட வேலை. ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே சொருகும் சாண்ட்விச் தட்டு என்று ஒன்று ஆன்லைனில் விற்கிறார்கள். அதில் சென்சாருக்குத் துளை இருக்கும். வசதிதான், ஆனால் பல தட்டுகளில் அந்தத் துளை ஓரத்து வளையத்தில் திறக்கிறது. வாங்குவதற்கு முன் திருப்பிப் பாருங்கள்.

துளை முடிவாயிற்று. இனி பழைய சுவிட்சை என்ன செய்வது? கேஜ் வந்துவிட்டதே, விளக்கு எதற்கு என்பது எல்லோருக்கும் வரும் எண்ணம். நான் ஒத்துக்கொள்வதில்லை. வால்பாறை ரோட்டில் வளைவு திரும்பும்போது எதிரே பஸ் வருகிறதா என்று பார்ப்பீர்களா, ஊசியைப் பார்ப்பீர்களா? ஊசி நாம் பார்த்தால்தான் சொல்லும். விளக்கு நாம் பார்க்காவிட்டாலும் கண்ணில் குத்தும். இரண்டும் வேண்டும்.

இரண்டும் வேண்டுமென்றால் டப்பாவில் வந்த பித்தளை டீயைத் திருகி, ஒரு கையில் சுவிட்சையும் மறு கையில் சென்சாரையும் மாட்டிவிடலாம் என்று தோன்றும். பல கடைகளில் அதைத்தான் செய்கிறார்கள். நாலு சிலிண்டர் என்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை மேலும் கீழும் அதிரும். 3,000 சுற்றில் நிமிடத்துக்கு 6,000 அதிர்வு, மணிக்கு 3,60,000. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு இரண்டு மணி நேரம் அப்படி ஓடினால் ஏழு லட்சத்துக்கு மேல். பழைய பாணி சென்சார் ஒரு தகர டப்பா கனத்துக்கு இருக்கும். பித்தளை டீயும் சேர்ந்து அத்தனை எடையும் தொங்குவது பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு நிப்பிளில். அதுவும் நடுவில் குடைந்தது. மரையின் அடிப்பள்ளத்தில் மயிரிழை விரிசல் விழும், ஒருநாள் முறியும். 3 பாரில் ஆயில் பீறிட்டு, தகதகக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் அடித்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரஷர் போய்விட்டதா என்று பார்க்க வைத்த சாமானே பிரஷரைப் போக்கிவிடும்.

மில்லில் இருந்தபோது பாய்லர் கேஜை நாங்கள் ஸ்டீம் லைனில் நேராக மாட்ட மாட்டோம். சுருட்டி வளைத்த குழாய் ஒன்று வைத்து, அதில் தண்ணீர் தேங்க விட்டு, கேஜை ஆவியின் சூட்டுக்கு எட்டாமல் நிறுத்துவோம். அதிரும் கம்ப்ரஸரிலும் மெல்லிய குழாய் ஒன்றை இழுத்து, சுவரில் அறைந்த பலகையில் கேஜ் இருக்கும். காரிலும் அதையே செய்தேன். பிளாக்கில் ஸ்டீல் அடாப்டர் ஒன்று மட்டும். அதிலிருந்து ஸ்டீல் பின்னல் போட்ட மெல்லிய ஹோஸ். எங்கள் ஊரில் கணபதி ஏரியாவில் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடையில் அளவு சொல்லி வாங்கியது. அது என்ஜினை விட்டு பாடிக்கு வந்து, மட்கார்டின் உள்பக்கத்தில் போல்ட் போட்டு நிறுத்திய ஓர் அலுமினியக் கட்டையில் முடியும். சுவிட்சும் சென்சாரும் அந்தக் கட்டையில். என்ஜின் எப்படி வேண்டுமானாலும் ஆடட்டும், இவை அசையாது. சூடும் குறைவு. புதிய எலக்ட்ரானிக் சென்சார்கள் பெரும்பாலும் 125 டிகிரி வரைதான் தாங்கும், ஆகவே மேனிஃபோல்டை விட்டு விலகி இருப்பது அவற்றுக்கு ஆயுள்.

"அத்தனை தூரம் ஹோஸ்ல போனா பிரஷர் கொறஞ்சு காட்டாதுங்களா?"

காட்டாது. ஆயில் ஓடினால்தான் வழியில் பிரஷர் குறையும். இந்த ஹோஸ் மறுமுனை அடைத்த முட்டுச்சந்து. உள்ளே ஆயில் நகர்வதே இல்லை. இரண்டு முனையிலும் ஒரே பிரஷர். கட்டை அரை மீட்டர் மேலே இருந்தால் ஆயிலின் சொந்த எடையால் 0.04 பார் குறையும், அதை எந்த டயலிலும் பார்க்க முடியாது. இதே காரணத்தால் இன்னொரு பாதுகாப்பும் கிடைக்கிறது. பிளாக் பக்கத்து அடாப்டரில் ஒரு மில்லிமீட்டர் துளை மட்டும் விட்டு அடைத்துவிடலாம். ஊசியின் படபடப்பு அடங்கும், எண் மாறாது. ஹோஸ் என்றைக்காவது பிய்ந்தாலும் ஆயில் பீறிடாமல் மெல்ல ஒழுகும். நிறுத்த நேரம் கிடைக்கும். குளிர்ந்த ஆயிலில் ஊசி ஒரு நொடி தாமதமாக எழும். ரேஸ் வண்டிக்கு அந்தத் தாமதம் ஆகாது, எஸ்டேட் வண்டிக்கு ஒன்றும் இல்லை.

பழைய ஜீப்புகளிலும் லாரிகளிலும் ஆயிலையே மெல்லிய செம்புக் குழாயில் டேஷ்போர்டு வரைக்கும் கொண்டுவந்து கேஜில் விட்டுவிடுவார்கள். 1849-ல் பிரான்ஸில் போர்டோன் கண்டுபிடித்த வளைகுழாய்க் கேஜ், கரண்டே வேண்டாம், பொய் சொல்லவும் தெரியாது. ஆனால் குழாய் விட்டுப்போனால் கொதிக்கும் ஆயில் டிரைவரின் காலில். கேபினுக்குள் வயர் மட்டும் வருவதே மேல்.

மரை பற்றி ஒரு எச்சரிக்கை. ஜப்பான் வழி வந்த வண்டிகளில் வழக்கமாக பிரிட்டிஷ் முறை கூம்பு மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. ஆன்லைனில் வாங்கும் சென்சார்களில் பெரும்பாலும் அமெரிக்க மரை, 27 சுற்று. இரண்டையும் எட்டில் ஒரு அங்குலம் என்றே சொல்வார்கள். கையில் திருகினால் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும். 'டைட்டா இருக்கு, நல்லதுதான்' என்று ஸ்பேனர் போட்டால் பிளாக்கின் மரை போயிற்று. கூம்பு மரை ஆப்பு மாதிரி வேலை செய்வது, அலுமினியமாக இருந்தால் வாயே பிளந்துவிடும். அடாப்டர் நூறு இருநூறு ரூபாய், பிளாக் அப்படியல்ல. வெள்ளை டேப் சுற்றுகிறவர்கள் முதல் இரண்டு சுற்றை விட்டுச் சுற்ற வேண்டும். பிய்ந்த துணுக்கு ஒன்று கேலரிக்குள் போனால் எந்தச் சின்னத் துளையில் போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. நான் டேப்பைத் தொடுவதே இல்லை, மரைக்குப் பூசும் பசைதான்.

கடைசியாக எர்த். என் தொழிலில் பாதி அதுதான். ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் அதன் உடம்பு வழியாகவே வரும். கட்டையை பெயின்ட் மேல் வைத்து போல்ட் போட்டால் எர்த் அரைகுறை. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐரோப்பிய முறை சென்சாரில் பிரஷர் இல்லாதபோது 10 ஓம், முழுப் பிரஷரில் 180 ஓம் ரெசிஸ்டன்ஸ். எர்த் கெட்டால் ரெசிஸ்டன்ஸ் கூடும், ஊசி மேலே போகும். அதாவது வயரிங் கெட்ட என்ஜின் ரொம்ப ஆரோக்கியமாகத் தெரியும். அமெரிக்க முறையில் தலைகீழ்: 240 ஓமில் தொடங்கி 33-க்கு இறங்கும், எர்த் கெட்டால் ஊசி கீழே போய் நம்மைப் பதற வைக்கும். பதற வைப்பது பரவாயில்லை. மூன்று வயர் எலக்ட்ரானிக் சென்சார்கள் இதைவிடப் புத்திசாலி. பூஜ்ய பிரஷருக்கே 0.5 வோல்ட் கொடுக்கும், உச்சத்துக்கு 4.5. அதற்கு வெளியே எது வந்தாலும் கோளாறு வயரிலோ சென்சாரிலோ என்று தெரிந்துகொள்ளலாம். எஸ்டேட்காரர் கொண்டுவந்தது 10–180 ரகம். கட்டைக்கு அடியில் பெயின்டைச் சுரண்டி, தனியாக ஒரு கறுப்பு வயரும் பேட்டரியின் நெகட்டிவ் வரைக்கும் இழுத்தேன்.

இவ்வளவு பாடுபட்டு நிஜ எண்ணைக் காட்டினால் அதை விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். மாஸ்டா மியாட்டாவில் முதலில் நிஜமான பிரஷர் கேஜ் இருந்தது. 1995 மாடலிலிருந்து ஊசி அப்படியே இருக்க, பின்னால் வெறும் சுவிட்ச். பிரஷர் கொஞ்சம் இருந்தாலே ஊசி நடுவில் போய் நிற்கும். ஃபோர்டும் அமெரிக்காவில் இதே வேலையைச் செய்தது, ஒரு 20 ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்து. சூடான ஸ்லோவில் ஊசி இறங்குவதைப் பார்த்துப் பதறி வருகிறவர்கள் எந்த சர்வீஸ் சென்டருக்கும் தலைவலிதான். ஆனாலும் ஊசி வடிவத்தில் ஒரு விளக்கை விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜிப்ஸியில் மாட்டி முடித்ததும், என்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் காயிலின் கனெக்டரைக் கழற்றிவிட்டு செல்ஃப் மட்டும் அடித்தேன். விளக்கு அணைந்தது, ஊசி எழுந்தது. பிறகு ஸ்டார்ட் செய்து ஒவ்வொரு ஜாயின்டையும் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தேன். வண்டியை பாலக்காடு ரோட்டில் நன்றாகச் சூடேற ஓட்டி வந்த பிறகு கிடைத்தது: ஸ்லோவில் 1.2 பார், 3,000 சுற்றில் 3-ஐ ஒட்டி. ஓடிக் களைத்த ஜிப்ஸிக்கு நல்ல எண்கள். இரண்டையும் பானெட்டின் உள்பக்கம் பெயின்ட் பேனாவால் எழுதி, தேதியும் போட்டேன். வேறு யாருடைய வண்டியின் எண்ணோடும் இதை ஒப்பிட வேண்டாம், இதே துளையில் இதே சூட்டில் அடுத்த வருஷம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள் என்றேன்.

அடுத்த வாரம் போன் வந்தது.

"ஏனுங்க, ஏத்தத்துல வளைவு திரும்பறப்பல்லாம் ஊசி சடார்னு விழுந்து எந்திரிக்குது. லைட்டு எரியல. பம்ப் போச்சுங்களா?"

நேர் ரோட்டில் எப்படி என்று கேட்டேன். நேரில் எழுதி வைத்த எண்ணே காட்டுகிறதாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. ஏற்றத்தில் சம்ப்பின் ஆயில் பின்னுக்கும், வளைவில் பக்கவாட்டுக்கும் ஒதுங்க, ஸ்ட்ரெய்னர் ஒரு கணம் காற்றை உறிஞ்சியிருக்கிறது. மேல்கோடு வரைக்கும் ஆயில் ஊற்றிவிட்டு மறுபடி ஏறச் சொன்னேன். சாயங்காலம் வால்பாறை வழியிலுள்ள அட்டகட்டியிலிருந்து கூப்பிட்டார், ஊசி விழவில்லை. ஆயில் எங்கே போகிறது என்று அடுத்த கேள்வி கேட்டார். அதற்கு வால்வ் சீலைப் பார்க்க வேண்டும், அது என் கடை வேலை அல்ல.